பத்தாத விசுவாசம்

“உங்களுக்கு விசுவாசம் பத்தல.”

தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களில் இதைவிட ஈவிரக்கம் இல்லாத ஒன்றை நான் கேட்டதில்லை. நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று சொல்கிறார்கள். குழந்தை இல்லாத பெண்ணிடம் சொல்கிறார்கள். வேலை போன பையனிடம் சொல்கிறார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. தலையில் கை வைத்து, கண்ணில் நீர் வைத்து, அன்பாகத்தான் சொல்கிறார். அதனாலேயே அது ஆழமாக இறங்குகிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜெபிக்கிறவன். ‘ஜெபமெல்லாம் சும்மா, போய் வேலையப் பாரு’ என்று முடியப்போகும் கட்டுரை இல்லை இது. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நன்றாகவும் எழுதுகிறார்கள். உறுதியான விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டும் என்பதில் எனக்கு வழக்கே கிடையாது. ‘உறுதி’ என்ற சொல்லுக்கு இவர்கள் கொடுக்கிற அர்த்தத்தோடுதான் சண்டை. கேட்டது கிடைத்தே தீரும் என்று மனசைக் கெட்டிப்படுத்திக்கொள்வது உறுதி என்கிறார்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடவுள் முன்னால் வாயைத் திறந்து உண்மையைப் பேச முடிவதுதான் உறுதி என்கிறேன் நான். இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றலாம். இல்லை. ஒன்று மனிதனை நிமிர்த்துகிறது, இன்னொன்று சாகக் கிடக்கிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

கூண்டில் ஏற்றப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். என் அத்தை. செம்பரம்பாக்கத்தில் ஏரிக்கரைக்குப் பக்கத்துத் தெருவில்தான் கடைசிவரை இருந்தாங்க. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. 2018-ல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ ஆரம்பித்தார்கள். மூன்றாவது கீமோ முடிந்த சமயம், அவங்க போய்க்கொண்டிருந்த சபையில் எண்ணெய் பூசி ஜெபித்து, “சுகமாயிட்டீங்க சிஸ்டர், இனிமே வியாதின்னு வாயால சொல்லாதீங்க, சுகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணுங்க” என்று சொன்னார்கள். சுகமான பிறகு கீமோ எதுக்கு? இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கட்டி திரும்பியது. அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது.

என் வழக்கு அந்த இரண்டு கீமோவைப் பற்றியதுகூட இல்லை. அதற்குப் பிறகு வந்த ராத்திரிகளைப் பற்றியது. வலியோடு உட்கார்ந்துகொண்டு அத்தை கணக்குப் பார்ப்பாங்க. எந்த நாள், எந்த நேரம் மனசுக்குள் சந்தேகம் வந்தது என்று. “அன்னிக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்து பயந்துட்டேன்டா. அதுலதான் போச்சு போல.” ஐம்பத்து மூன்று வயசு. முப்பது வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முழங்கால் போட்டவங்க. வியாதி உடம்பைத் தின்றது, இந்த வாக்கியம் மிச்சத்தைத் தின்றது. கடைசி மாதங்களில் அவங்களால் ஜெபிக்கவே முடியவில்லை. வாயைத் திறந்தால் தப்பாக எதுவும் வந்துவிடுமோ என்று பயம். இவர்கள் சொல்லும் உறுதியான விசுவாசம் அவங்களுக்குச் செய்த உபகாரம் இதுதான். ஜெபிக்கத் தெரிந்த ஒரு மனுஷியை ஊமையாக்கியது.

அடக்கத்தின்போது சொன்னார்கள்: “கர்த்தருடைய சித்தம்.”

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். செத்த பிறகு கடவுளின் சித்தமாக ஆகிற விஷயம், சாவதற்கு முந்தின நாள் வரை அத்தையின் விசுவாசக் குறைவாக எப்படி இருந்தது? சூத்திரம் எளிமையானது. நடந்தா சாட்சி. நடக்கலன்னா சித்தம். நடுவுல தவிக்கிறவங்க மேல மட்டும் குற்றம். இந்தச் சூத்திரத்தில் தோற்கவே தோற்காத ஒரே ஆள், ஜெபித்துவிட்டுப் போனவர்.

*

இது பெந்தெகொஸ்தே சபைகளைக் கேலி செய்யும் கட்டுரை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் சிஎஸ்ஐ குடும்பம். நம்மாட்கள் மாடிக்கூடச் சபைகளைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி, அம்பத்தூர் வரை, டயர் கடைக்கு மேலேயும் கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலேயும் வாடகைக்கு எடுத்த ஹாலில் ஞாயிற்றுக்கிழமை யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கம்பெனி வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், கான்ட்ராக்ட் தொழிலாளிகள், வீட்டு வேலை செய்கிறவர்கள். இவர்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு போன் போட்டால் எடுக்கிற ஒரே ஆள் பாஸ்டர்தான். டூவீலரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பெரிய கோபுரம் வைத்த சபையின் ஆயர் வருவதற்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டும். அத்தை அங்கே போனது முட்டாள்தனத்தால் இல்லை. அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட இடம் அதுதான்.

பழைய சபைகளும் இதில் சுத்தம் இல்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஆளுக்கு ஒன்று எடுப்போம். அந்த வருஷம் முழுக்க அதுதான் நம் வசனம். ஃப்ரிட்ஜில் ஒட்டுவோம், வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைப்போம். எனக்கும் அந்த நிமிஷம் பிடிக்கும். ஆனால் கவனித்திருக்கிறீர்களா, எந்தத் தட்டிலும் 88-ஆம் சங்கீதம் வராது. ஆரம்பம் முதல் முடிவுவரை இருட்டு, கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லாத ஜெபம் அது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. யோபு கடவுளை வழக்குக்கு இழுக்கும் அதிகாரங்கள் வராது. வேதத்திலிருந்து புலம்பலையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை லேமினேட் செய்து கையில் கொடுக்கிறோம். அந்த வருஷம் மார்ச் மாதம் பயாப்ஸி ரிப்போர்ட் வருகிறவர் என்ன செய்வார்? ஃப்ரிட்ஜைப் பார்ப்பார். பிறகு தன்னைப் பார்ப்பார். தப்பு தன்னிடம்தான் என்று முடிவு செய்வார்.

*

“இயேசுவே சொன்னாரே!” என்பார்கள். சொன்னார். விசுவாசித்துக் கேட்டால் மலைகூட நகரும் என்றார். இரத்தப்போக்கோடு வந்த பெண்ணிடம் அவள் விசுவாசமே அவளைக் குணமாக்கியது என்றார். மறுக்கவில்லை. ஆனால் சுவிசேஷங்கள் நாலையும் ஒரே ஒரு கேள்வியோடு படித்துப் பாருங்கள்: விசுவாசம் போதவில்லை என்ற கண்டனம் யார் மேல் விழுகிறது?

வலிப்பு வந்த பையனை அப்பா தூக்கிக்கொண்டு வருகிறார். சீஷர்களால் முடியவில்லை. அந்த அப்பா இயேசுவிடம் சொல்வது முழு விசுவாசம் இல்லை. பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம், இரண்டையும் சேர்த்தே கொட்டுகிறார். பையன் குணமாகிறான். பிறகு சீஷர்கள் தனியாக வந்து ‘எங்களால ஏன் முடியல?’ என்று கேட்கிறார்கள். மத்தேயுவில் பதில் தெளிவாக இருக்கிறது: விசுவாசக் குறைவு அவர்களுடையது. ஜெபித்தவர்களுடையது. பையனுடையதும் இல்லை, அப்பாவுடையதும் இல்லை.

நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன் கதையில் இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் வீட்டில் படுத்திருக்கிறான், அவன் என்ன நம்பினான் என்று யாருமே கேட்கவில்லை. லாசருவுக்கு நாலு நாளாக எந்த விசுவாசமும் இல்லை, பிணம். யாக்கோபின் நிருபத்தில், எண்ணெய் பூசுவதற்கு எல்லாரும் ஆதாரம் காட்டும் அந்த ஐந்தாம் அதிகாரத்தில், வியாதிக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூப்பர்களைக் கூப்பிட வேண்டும். விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டியது வருகிற மூப்பர்களின் பொறுப்பு. அப்படியென்றால், எண்ணெய் பூசியும் குணமாகவில்லை என்றால் யாருக்கு விசுவாசம் பத்தவில்லை? இவர்கள் நியாயப்படியே பார்த்தாலும் விரல் திரும்ப வேண்டிய திசை வேறு.

‘நாசரேத்தில் அவிசுவாசத்தால் அற்புதம் நடக்கவில்லையே?’ சரியான கேள்வி, தப்பிக்கக் கூடாது. நாசரேத்தில் அவிசுவாசம் என்பது ‘இவன் தச்சன்தானே, இவனுக்கு என்ன தெரியும்’ என்று ஊரே அவரை ஒதுக்கியது. அங்கேயும் வந்த கொஞ்சம் நோயாளிகள்மேல் கை வைத்துக் குணமாக்கினார் என்று மாற்கு எழுதுகிறார். நாசரேத்துக்காரர்கள் அவரிடம் வரவில்லை. அத்தை தினமும் நாலு மணிக்கு வந்தாங்க.

நான் பார்த்தவரைக்கும் கணக்கு இதுதான். குணமானவர்களின் விசுவாசத்தை இயேசு வரவில் எழுதினார். குணமாக வந்தவர் யார் பேரிலும் அதைக் கடனாக எழுதவில்லை. நாம்தான் கடன் நோட்டுப் போட்டோம்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. கெத்செமனேயில் ஒருவர் மூன்று தடவை ஒரே விஷயத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை. பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. இயேசுவுக்கு விசுவாசம் பத்தலையா? விசுவாச வீரர்களின் பட்டியல் என்று எல்லா மேடையிலும் முழங்கும் எபிரேயர் 11-ஆம் அதிகாரத்தைக் கடைசிவரை படியுங்கள். சிங்கத்தின் வாயை அடைத்தவர்கள், பட்டயத்துக்குத் தப்பியவர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் இன்னொரு பட்டியல் வருகிறது: கல்லெறிந்து கொல்லப்பட்டவர்கள், வாளால் அறுக்கப்பட்டவர்கள், ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு அலைந்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் அந்த நிருபம் கொடுக்கும் சான்றிதழ் ஒன்றே. தப்பியவருக்கும் விசுவாசம், தப்பாதவருக்கும் விசுவாசம். மேடையில் பாதியிலேயே மைக்கை வைத்துவிடுகிறார்கள்.

*

எங்கள் ஊர் ஏரியே இந்த உபதேசத்துக்கு நல்ல பரீட்சை வைத்திருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிரம்பினால் உபரி நீர் அடையாற்றில் போய்ச் சேரும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அந்த ராத்திரி என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு உடம்பிலேயே ஞாபகம் இருக்கும். மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். மொட்டை மாடியில் நின்றவர்கள், நிற்க மாடியே இல்லாதவர்கள்.

அந்த டிசம்பர் முழுக்கச் சபைகளில் சாட்சி நேரம் நீண்டது. “தெருமுனைவரைக்கும் வந்த தண்ணி எங்க வாசப்படியைத் தொடல, கர்த்தர் எல்லை போட்டார்.” சொல்கிறவரின் நன்றி உண்மையானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ராத்திரி சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைக் குடிசையில் முழங்கால் போட்டவர் இருந்தாரே, அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அவர் அடுத்த ஞாயிறு பின்வரிசையில் உட்கார்ந்து இந்தச் சாட்சியைக் கேட்கும்போது அவர் காதில் என்ன விழும்? ‘உனக்குப் போடாத எல்லையை அவங்களுக்குப் போட்டார்’ என்றுதானே? தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும். பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை விசுவாசம் தீர்மானிக்கவில்லை, நிலத்தின் விலை தீர்மானித்தது. மதகை எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்பதை அதிகாரிகள் தீர்மானித்தார்கள். மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையே 2018-ல் நீர் திறப்பைக் குறை சொன்னது. எல்லாவற்றையும் விசுவாசத்தின் அளவால் விளக்குகிற உபதேசத்துக்கு மதகும் தெரியாது, நில விலையும் தெரியாது.

மூன்றரை வருஷம் கழித்து, 2019 ஜூனில், அதே ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. அன்று மழை நிற்க ஜெபித்த நகரம் இன்று மழைக்கு ஜெபித்தது. சர்ச்சுகளில் ஜெபம், மசூதிகளில் தொழுகை, ஜூன் 22 அன்று ஆளுங்கட்சியே மாநிலம் முழுக்கக் கோயில்களில் யாகம். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இத்தனை பேர் ஜெபித்ததில் தப்பே இல்லை. தாகத்தில் இருக்கிறவன் வானத்தைப் பார்க்காமல் எங்கே பார்ப்பான்? ஆனால் அந்த ஜூனில் எந்தப் போதகரும் மொத்தச் சென்னைக்கும் விசுவாசம் பத்தவில்லை என்று பிரசங்கம் செய்ததாக நான் கேட்கவில்லை. ஊரே வறண்டால் அது வறட்சி. ஒரு வீடு வறண்டால் அது விசுவாசக் குறைவு. தனியாக மாட்டிக்கொண்டவரிடம் மட்டும்தான் இந்த வாக்கியத்துக்கு வீரம் வருகிறது.

*

இந்த உபதேசம் எங்கிருந்து வந்தது? அப்போஸ்தலர்களிடமிருந்து வரவில்லை. கென்யன் (1867–1948), அவரைப் பின்தொடர்ந்த கென்னத் ஹேகின் (1917–2003) என்ற அமெரிக்கப் பிரசங்கிகள் வழியாக வளர்ந்தது. ஹேகின் 1974-ல் ஓக்லஹோமாவில் ஆரம்பித்த வேதப் பயிற்சிப் பள்ளி இதை உலகம் முழுக்க அனுப்பியது. வாயால் அறிக்கை செய், அது நடக்கும். வியாதி என்று சொல்லாதே, சொன்னால் வியாதி வரும். புத்தகம், கேசட், பிறகு டிவி, இப்போது யூடியூப் என்று அது தமிழுக்கு வந்து, நம் ஊர் வாக்கு பலிக்கும், வாய்முகூர்த்தம் என்ற பழைய பயங்களோடு கலந்து, நம்முடையது மாதிரியே ஆகிவிட்டது.

‘நான் கிறிஸ்தவன் இல்ல, எனக்கு என்ன?’ என்று நீங்கள் நினைத்தால், உங்கள் ரீல்ஸைத் திறந்து பாருங்கள். பிரபஞ்சத்திடம் கேள், கிடைத்துவிட்டதாக உணர், கிடைக்கும். கிடைக்கலையா? உன் வைப்ரேஷன் சரியில்லை. நார்மன் வின்சென்ட் பீல் 1952-ல் எழுதிய பாசிட்டிவ் சிந்தனைப் புத்தகத்திலிருந்து, 2006-ல் வந்த ‘தி சீக்ரெட்’ வரை, இன்றைய மேனிஃபெஸ்டேஷன் கோச் வரை, சரக்கு ஒன்றுதான், லேபிள்தான் வேறு. அத்தையிடம் இருந்த கடவுளாவது திட்டினால் கேட்டுக்கொள்ளக்கூடியவர். உங்கள் பிரபஞ்சத்திடம் சண்டை போடக்கூட முடியாது. கேன்சர் வந்தவரிடம் ‘நெகட்டிவா யோசிக்காதீங்க’ என்று நீங்கள் சொல்லும்போது, அந்த மாடிக்கூடத்துப் பாஸ்டரும் நீங்களும் ஒரே வரியைத்தான் வாசிக்கிறீர்கள்.

*

சரி, உறுதியான ஜெபம் என்றால் என்ன? கிருபையின் சிங்காசனத்துக்குத் தைரியமாகப் போகலாம் என்று எபிரேயர் நிருபம் சொல்கிறது. அங்கே தைரியம் என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘பர்ரேசியா’. ஏதென்ஸ் நகரத்துக் குடிமகன் சபையில் எழுந்து, யாருக்கும் பயப்படாமல், எதையும் மறைக்காமல் பேசுகிற உரிமைக்குப் பெயர் அது. அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. யோசித்துப் பாருங்கள்: அத்தையிடம் பறிக்கப்பட்டது சரியாக இதுதான். வலிக்குது என்று சொல்லக் கூடாது, பயமா இருக்கு என்று சொல்லக் கூடாது. முதலாளி முன்னால் நிற்கும் கொத்தடிமைக்குத்தான் இந்த விதிகள். பெற்ற பிள்ளைக்கு இல்லை.

லூக்கா 18-இல் ஒரு விதவை வருகிறாள். அநியாயக்கார நீதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நச்சரிக்கிறாள். தீர்ப்பு தனக்குச் சாதகமாக வரும் என்று அவள் மனக்கண்ணில் பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. அவள் வாயை மூடவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதையை முடிக்கும்போதுதான் மனுஷகுமாரன் வரும்போது பூமியில் விசுவாசம் இருக்குமா என்ற கேள்வியை இயேசு கேட்கிறார். விசுவாசம் என்ற சொல்லை அவர் எந்தக் கதையின் வாலில் வைக்கிறார் பாருங்கள்: முறையிடுவதை நிறுத்தாத ஒரு பெண்ணின் கதையில்.

இது நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. பூண்டி ஏரியிலிருந்து கால்வாய் வழியாக எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. 1944-ல் கட்டிய அந்த நீர்த்தேக்கத்துக்காகத் திருவெண்பாக்கத்துச் சிவன் கோயிலை இடம் மாற்றிக் கட்டினார்கள். சுந்தரர் கண் பார்வை இழந்து, காஞ்சிபுரம் போகும் வழியில் வந்து நின்ற தலம் அது. பார்வை கேட்டார், கிடைத்தது ஊன்றுகோல். கோபத்தில் அவர் அந்தக் கோலை வீசி எறிந்ததில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தல வரலாறு சொல்கிறது. பிறகு காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொன்று. வழி முழுக்கச் சண்டை. அவருக்கு மரபு கொடுத்த பெயர் வன்தொண்டர். ‘உனக்குப் பக்தி பத்தல’ என்று சைவம் அவரைத் தள்ளிவைக்கவில்லை, நாயன்மார் வரிசையில் உட்கார வைத்தது. நான் கிறிஸ்தவன்தான். ஆனால் அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன். கடவுளிடம் சண்டை போடுவது உறவின் அடையாளம் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். நாம்தான் ஓக்லஹோமாவிலிருந்து பயத்தை இறக்குமதி செய்தோம்.

நம் சபை வரலாற்றிலும் சாட்சிகள் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் ஒரு குழியில் விழுந்தார். அதற்குப் பிறகு 1951-ல் சாகும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அந்த அறையிலும் படுக்கையிலும்தான். ஜெபத்தாலேயே நடந்த இடம் டோனாவூர். அவர் எழுந்து நடக்கவில்லை. படுத்தபடியே எழுதினார், ஜெபித்தார். நம் காலத்தில் ஜெபம் என்றதும் நினைவுக்கு வரும் குரல் டி.ஜி.எஸ். தினகரனுடையது. அவரும் அவர் மனைவியும் 1986-ல் மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார்கள். அந்த வீட்டைப் பார்த்து விசுவாசம் பத்தல என்று சொல்ல யாருக்காவது நாக்கு வருமா? வராது. வரவும் கூடாது. பெயர் தெரிந்தவர்களிடம் வராத நாக்கு, கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவரிடம் மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது?

*

போதகர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று: ஜெபித்து முடித்ததும் “அடுத்த கீமோ என்னிக்கு?” என்று கேளுங்கள். தேதியை உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூடப் போங்கள். உங்கள் மூக்கில் இருக்கிற கண்ணாடி அவிசுவாசம் இல்லை என்றால், அவங்க கையில் இருக்கிற மாத்திரையும் இல்லை. இரண்டு: சாட்சி நேரத்தில் கிடைத்தவர்களை மட்டும் மைக் முன்னால் நிறுத்தாதீர்கள். கேட்டும் கிடைக்காமல், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறவரையும் ஒரு ஞாயிறு பேச விடுங்கள். அதுவும் சாட்சிதான், ஒருவேளை அதுதான் கனமான சாட்சி. மூன்று: ‘ஏன் எனக்கு மட்டும்?’ என்று கேட்கிறவரிடம் ‘தெரியலம்மா’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபப்பட்டது அவர்கள்மேல். புலம்பிய யோபுவைத்தான் சரியாகப் பேசினவன் என்றார்.

படுத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. கோபமா இருந்தா திட்டுங்க. சுகம் கேளுங்க, பிடிவாதமா கேளுங்க, கேட்கிறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. வந்தால் ஆடிப்பாடிக் கொண்டாடுவோம். வரலன்னா அது உங்க தப்பு இல்ல.

எங்கள் ஏரியின் உபரி நீர் சேருகிற அடையாறு, பரங்கிமலையைத் தாண்டி, சைதாப்பேட்டையில் சின்னமலை ஓரமாகப் போய்த்தான் கடலில் கலக்கிறது. இரண்டு மலையும் தோமாவின் பெயரோடு சேர்ந்தவை. சின்னமலைக் குகையில் ஒளிந்து ஜெபித்தார், பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. பன்னிரண்டு பேரில் நம்மிடம் வந்ததாகச் சொல்லப்படுகிறவர் சந்தேகப்பட்டவர். மற்ற சீஷர்கள் பார்த்தோம் என்று சொன்ன சாட்சியை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றார். யோவான் எழுதுவதில் ஒரு சின்ன விவரத்தை நாம் கவனிப்பதில்லை. எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வரும்போது, தோமா அதே வீட்டுக்குள், அதே ஆட்களோடு இருந்தார். நம்பாத ஒருவரை அந்த எட்டு நாளும் யாரும் வெளியே அனுப்பவில்லை. விசுவாசம் பத்தல என்று ஒதுக்கியிருந்தால், இயேசு திரும்ப வந்த அந்த நாளில் தோமா அங்கே இருந்திருக்கவே மாட்டார்.